கலிஃபோர்னியாவில் வீட்டைக் குடும்ப ட்ரஸ்ட்டுக்கு மாற்றும் டீடைக் கவுண்டியில் பதிவது எப்படி?

சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சாட்சிகளோடு போய், மூலப்பத்திரம் காட்டி, கைரேகை வைத்துப் பதிந்து பழகியவர்களுக்குக் கலிஃபோர்னியாவின் கவுண்டி (மாவட்டம்) ரெக்கார்டர் அலுவலகம் வியப்பாக இருக்கும். மூலப்பத்திரம் கேட்கமாட்டார்கள். சாட்சி வேண்டாம். நேரில்கூடப் போக வேண்டாம், தபாலில் அனுப்பினால் போதும்.

இந்த எளிமையில்தான் ஆபத்தும் இருக்கிறது. தாளின் அமைப்பு, நோட்டரி சான்று, கட்டணம் ஆகியவை சரியாக இருந்தால் ரெக்கார்டர் பதிந்துவிடுவார். சொத்து விவரம் சரியா, எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று சோதிப்பது அவர் வேலை அல்ல. அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள, அவர்களே குடியிருக்கும் வீட்டை அவர்களுடைய லிவிங் ட்ரஸ்ட்டுக்கு (உயிரோடு இருக்கும்போதே சொத்தை வைத்துக்கொள்ள எழுதும், பின்னர் ரத்து செய்யக்கூடிய ஏற்பாடு) மாற்றுவதை இங்கே எடுத்துக்கொள்வோம். ட்ரஸ்ட் ஆவணத்தை வழக்கறிஞரிடம் செலவு செய்து எழுதிவிட்டு, வீட்டை மாற்றும் பத்திரமான டீடைப் பதியாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால் பொதுப் பதிவில் வீடு ட்ரஸ்ட்டுக்குள் வந்ததாக இருக்காது. எந்த புரோபேட் வழக்கை (இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்ற நீதிமன்றத்தில் நடப்பது) தவிர்க்க ட்ரஸ்ட் எழுதினார்களோ, அதே வழக்கில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக்கூடும்.

1. பழைய டீடை எடுத்து வையுங்கள்

வீடு வாங்கியபோது பதிவான டீடின் நகல் வேண்டும். கையில் இல்லையென்றால் ரெக்கார்டரிடமே வாங்கலாம். அதிலிருந்து மூன்று விவரங்கள் தேவை: உரிமையாளர் பெயர்கள் அச்சாகியிருக்கும் விதம், பார்சல் எண் (வரிக்கணக்குக்காக வீட்டுக்குத் தரப்படும் எண்), சட்டபூர்வ சொத்து விவரம். லாட் எண், டிராக்ட் எண், வரைபடப் புத்தகம், பக்கம் என்று வரும் அந்தக் கடைசிப் பகுதிதான் நம்மூர்ப் பத்திரத்தின் சொத்து விவரத்துக்கு இணை. தெரு முகவரியோ பார்சல் எண்ணோ அதற்கு ஈடாகாது. எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். நீளமாக இருந்தால் ‘எக்ஸிபிட் ஏ’ என்று தனித்தாளில் இணைக்கலாம்.

2. டீடை எழுதுங்கள்

இதற்கு கிராண்ட் டீட், குயிட்கிளெய்ம் டீட் இரண்டுமே செல்லும். கிராண்ட் டீடே மேல் என்பது எங்கள் கருத்து. அதில் சட்டமே சில உறுதிமொழிகளைச் சேர்த்துவிடுகிறது. குயிட்கிளெய்மில் அவை இல்லை. டைட்டில் காப்பீடு (உரிமையில் குறை வந்தால் ஈடு தருவது) தொடருமா என்பதை, அதைத் தந்த டைட்டில் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெறுபவர் இடத்தில் ட்ரஸ்ட்டின் பெயரை மட்டும் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. சொத்து டிரஸ்டிகளின் பெயரில்தான் நிற்கும். ஆகவே ‘இன்னார், இன்னார், இந்தத் தேதியிட்ட இந்தக் குடும்ப ட்ரஸ்ட்டின் டிரஸ்டிகள்’ என்று முழுமையாக எழுதுங்கள்.

கொடுப்பவர் பெயரில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வாங்கியபோது இனிஷியலோடு இருந்த பெயர், குடியுரிமை பெறும்போது அப்பா பெயர் விரிந்து வேறாக மாறியிருக்கும். அப்போது இன்றைய பெயரை எழுதி, ‘இன்ன பெயரில் உரிமை பெற்றவர்’ என்று பழைய பெயரையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் ரெக்கார்டரின் பெயர்வாரி அட்டவணையில் பழைய டீடுக்கும் புதியதுக்கும் தொடர்பு அறுந்து, விற்கும் நேரத்தில் டைட்டில் கம்பெனி கேள்வி எழுப்பும்.

3. முதல் பக்கத்தின் அமைப்பு

தாள் 8.5 × 11 அங்குலம், ஒரு பக்க அச்சு. மேலிருந்து 2.5 அங்குலம் வரை இடப்புறம் பதிவு கோருபவர் பெயரும் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியும் வரும். வலப்புறம் 5 அங்குல அகலம் ரெக்கார்டரின் முத்திரைக்காகக் காலியாக இருக்க வேண்டும். வரி பில் அனுப்ப வேண்டிய முகவரியையும் டீடிலேயே எழுதுங்கள்.

விற்பனையாக இருந்தால் கவுண்டியின் பரிமாற்ற வரி ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர், 9 லட்சம் டாலர் வீட்டுக்கு 990 டாலர். சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட் போன்ற நகரங்கள் தனி வரியும் போடும். பணம் கைமாறாமல் சொந்த ட்ரஸ்ட்டுக்கு மாற்றும்போது வரி இல்லை. ஆனால் வரி பூஜ்யம் என்பதையும் அதற்கான காரணத்தையும் (கலிஃபோர்னியாவின் ‘ரெவின்யூ அண்ட் டாக்ஸேஷன் கோட்’ பிரிவு 11930) டீடின் முகப்பில் எழுதியாக வேண்டும். வெறுமனே விட்டால் திரும்பி வரும்.

4. நோட்டரி

கையெழுத்துப் போடுவது கொடுப்பவர்கள் மட்டும். இங்கே கொடுப்பவர்களும் நீங்களே, டிரஸ்டிகளும் நீங்களே. நோட்டரி ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர் வாங்கலாம்; தன் பதிவேட்டில் பெருவிரல் ரேகையும் எடுப்பார். முத்திரை மங்கலாகவோ எழுத்தின் மேலோ விழாமல் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் தெளிவாக விழாத முத்திரை டீடைத் திருப்பி அனுப்பக் காரணமாகும். ஒருவர் இந்தியாவில் இருந்தால் அமெரிக்கத் தூதரகத்தில் கையெழுத்திடலாம். அல்லது அங்குள்ள நோட்டரியிடம் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று) பெறலாம்.

5. உடன் அனுப்ப வேண்டியவை

‘பீகோர்’ (PCOR) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உரிமை மாற்ற அறிக்கைப் படிவத்தைப் பெறுபவர் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 டாலர் கூடுதல். இந்தப் படிவம் வரிக்காக வீட்டை மதிப்பிடும் அசெஸருக்குப் போகிறது, பொதுப் பதிவில் சேராது. ‘திரும்பப் பெறக்கூடிய ட்ரஸ்ட்டுக்கு மாற்றம்’ என்ற வரியைக் குறியிட மறக்காதீர்கள். வீட்டின் வரி மதிப்பை உயர்த்தாமல் காப்பது அந்தக் குறிதான்.

பதிவுக் கட்டணத்தில் முதல் பக்கத்துக்கானது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 டாலர். 2018 முதல் வீட்டுவசதி நிதிக்கென 75 டாலரும் உண்டு. உரிமையாளர் குடியிருக்கும் வீடென்றால் இதற்கு விலக்குக் கோரலாம், ஆனால் கோரும் வாசகம் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு இந்த விலக்கு கிடைக்காது. அனுப்பும் முன் அந்தந்தக் கவுண்டியின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். காசோலையில் தொகை குறைந்தாலே எல்லாம் அப்படியே திரும்பும்.

6. பதிந்த பிறகு

டீடில் ஆவண எண் விழுந்து, ஸ்கேன் ஆனபின் அசல் உங்கள் முகவரிக்குத் தபாலில் வரும். வந்ததும் சொத்து விவரத்தை மறுபடி படியுங்கள். பதிந்த ஆவணத்தில் யாரும் எதையும் திருத்த முடியாது. பிழை இருந்தால் திருத்த டீட் எழுதிப் பதிய வேண்டும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லி டிரஸ்டிகளின் பெயரைச் சேருங்கள்.

சில வாரங்களில் அரசுக் கடிதம் போலவே தோன்றும் ஒன்று வரக்கூடும், உங்கள் டீட் நகலுக்குப் பெருந்தொகை கேட்டு. அது தனியார் விற்பனை. பணம் அனுப்பாதீர்கள், அதே நகலை ரெக்கார்டர் சில டாலருக்குத் தருவார்.