அதிவேக சொகுசு ஸ்போர்ட்ஸ் காரின் விவரப் பட்டியலைப் படிப்பது எப்படி?

விவரப் பட்டியலில் குதிரைத்திறனுக்கு முன்பாக எடையைப் பாருங்கள். அது எரிபொருளும் பிற திரவங்களும் நிரப்பிய எடையா, அவையில்லாத வெற்று எடையா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விளம்பரத்துக்குச் சிறிய எண்ணே அழகு என்பதால் பின்னதை மட்டும் அச்சிடுவதும் உண்டு.

அடுத்து, குதிரைத்திறனை டன் கணக்கிலான எடையால் வகுத்துப் பாருங்கள். 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காருக்கு 627 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,140 கிலோ. 2005இல் வந்த புகாட்டி வேரானுக்கு 1,001 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,890 கிலோ. வகுத்தால் முன்னதற்கு டன்னுக்கு 550, பின்னதற்கு 530 கிடைக்கும். ஆயினும் வேரான் நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை 2.5 வினாடியில் தொடுகிறது. எஃப்1 மூன்று வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. விசையைத் தரைக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. எஃப்1இல் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்க, வேரானில் நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன; இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் நான்கு டர்போக்களின் துணையுடன் 1,250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது இன்ஜின் தன் தண்டைத் திருகும் விசை, நிமிடத்துக்கு 2,200 முதல் 5,500 சுழற்சி வரை குறையாமல் நிற்கிறது; அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் அந்த இழுவையை அறுபடாமல் கடத்துகிறது. எனவே முறுக்குவிசையின் உச்சத்தோடு, அது எந்தச் சுழற்சி முதல் எந்தச் சுழற்சி வரை கிடைக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வினாடிக் கணக்கை ஒப்பிடும்போதும் கவனம் தேவை: சில சோதனைகளில் கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும்.

உச்ச வேகத்தைப் படிக்க வேறு கணக்கு வேண்டும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அதாவது வேகம் இரட்டித்தால் தேவை எட்டு மடங்காகும். ஜெர்மனியின் எஹ்ரா-லெசியன் சோதனைத் தடத்தில், இன்ஜினின் சுழற்சி வரம்பை உயர்த்தி, எஃப்1 1998இல் மணிக்கு 386 கி.மீ. தொட்டது, அதே தடத்தில் வேரான் தொட்டது 407. ஏறத்தாழ 60 சதவீதக் கூடுதல் திறனுக்குக் கிடைத்த கூடுதல் வேகம் 5 சதவீதம்தான். அகன்ற உடலும், காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையும் மீதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே உச்ச வேகத்தை மட்டும் கொண்டு இன்ஜினை மதிப்பிடுவது பயனற்றது என்பேன்.

குளிரூட்டலையும் தவறவிடாதீர்கள். எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. வேரானில் பத்து ரேடியேட்டர்கள் இருப்பது அதனால்தான். பிரேக்குகளைப் பொறுத்தவரை கடும் வெப்பத்தைத் தாங்கும் கார்பன் செராமிக் தட்டுகள் உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள வேகக் குறியீட்டையும் படியுங்கள். வெறும் ‘ஒய்’ என்றால் 300 கி.மீ. வரைதான், அதே எழுத்து அடைப்புக்குறிக்குள் இருந்தால் அதற்கும் மேல். டயர் மாற்றும்போது, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வேகக் குறியீட்டுக்கும் சுமைக் குறியீட்டுக்கும் குறையாததையே வாங்குங்கள்.