கன உலோகம் கலந்த மண்ணுக்குப் பாக்டீரியா: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

எண்ணெய் கொட்டிய மண்ணில் பாக்டீரியா எண்ணெயைத் தின்று கார்பன் டைஆக்சைடும் நீருமாக மாற்றிவிடும். ஈயத்தையும் காட்மியத்தையும் அப்படித் தின்று தீர்க்க எந்த உயிராலும் முடியாது. அவை தனிமங்கள். “மொத்த ஈயம் குறையவே இல்லையே” என்று சோதனை அறிக்கையும் கையுமாக வருபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உலோகத்தின் வடிவத்தை மாற்றுவது மட்டுமே பாக்டீரியாவால் ஆகும். கரைவதைக் கரையாததாக்கி மண்ணிலேயே பூட்டும். அல்லது பிடித்திருப்பதை இளக்கி, வெளியே எடுக்க வழிவிடும். பூட்டுவதா எடுப்பதா என்று முடிவு செய்யாமல் ஒரு பாக்கெட் பாக்டீரியாகூட வாங்காதீர்கள்.

முடிவெடுக்க மண் பரிசோதனை வேண்டும். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 0–15 செ.மீ., 15–30 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மாதிரி எடுங்கள். பிளாஸ்டிக் கருவி நல்லது. துத்தநாகம் பூசிய வாளியில் மண்ணை அள்ளிவந்து துத்தநாக அளவைக் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. ஆய்வகத்திடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கரைத்துப் பார்க்கும் மொத்த அளவு. மற்றது, 0.01 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலில் இறங்கும் அளவு. வேருக்கும் நிலத்தடி நீருக்கும் எளிதில் எட்டுவது இந்த இரண்டாவது பங்குதான். பூட்டும் வேலையில் வெற்றி தோல்வியை அந்த எண்ணை வைத்தே சொல்ல வேண்டும். மொத்த அளவு அப்படியேதான் இருக்கும். பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு), கரிமப் பொருள், மாங்கனீசு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இருப்பதிலேயே பணிந்து வருவது ஆறு இணைதிறன் குரோமியம். நீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கும் இந்த வடிவம், மண்ணில் ஆக்சிஜன் குறைந்தால் மூன்று இணைதிறனுக்கு ஒடுங்கி, நடுநிலையை ஒட்டிய பிஎச்சில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸை நீரில் கரைத்து ஊற்றி மண்ணை நன்றாக நனைத்து வைத்தால் போதும். அங்கேயே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்னும் வேகத்தில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மண்ணிலிருந்து வடித்த நீரை அமிலமாக்கி டைஃபீனைல் கார்பசைடு என்ற சோதனை வேதிப்பொருளைச் சேர்த்துப் பாருங்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பு தெரிந்தால் வேலை பாக்கி. மாங்கனீசை ஏன் பார்க்கச் சொன்னேன் என்றால், மாங்கனீசு ஆக்சைடு மூன்று இணைதிறன் குரோமியத்தைத் திரும்பவும் ஆறுக்கு ஏற்றிவிடும். அது மிகுந்த மண்ணில் தொழுவுரமோ கம்போஸ்டோ போட்டுக் கரிமப் பொருளைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

ஈயத்துக்கு நான் முதலில் எடுப்பது பாஸ்போபாக்டீரியாவும் (பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியா) ராக் பாஸ்பேட்டும் (பாஸ்பேட் பாறைத் தூள்). பாக்டீரியா விடும் கரிம அமிலம் பாஸ்பேட்டை இளக்கும். அது ஈயத்தோடும் குளோரைடோடும் சேர்ந்து பைரோமார்ஃபைட் என்ற கனிமமாகும். ஈயச் சேர்மங்களில் மிகக் குறைவாகக் கரைவனவற்றில் அது ஒன்று. ஆனால் ராக் பாஸ்பேட்டிலேயே காட்மியம் இருக்கக்கூடும். வாங்கும் சரக்கைப் பரிசோதித்துவிடுங்கள். மண்ணில் ஆர்செனிக்கும் இருந்தால் இந்த வழியே வேண்டாம். பாஸ்பேட் ஆர்செனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை நீருக்குள் தள்ளிவிடும்.

காட்மியத்துக்கும் துத்தநாகத்துக்கும் இரண்டு வழிகள் உண்டு. யூரியாவைச் சிதைக்கும் ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி போன்ற பாக்டீரியாவை, யூரியா, கால்சியம் குளோரைடு இரண்டோடும் மண்ணில் சேர்த்தால் பிஎச் 9 வரை ஏறி, சுண்ணாம்புப் படிகத்தோடு உலோகமும் படியும். அம்மோனியம் நிறைய மிஞ்சும் என்பது இதன் குறை. மண் பின்னர் அமிலமானால் படிந்தது மறுபடி கரையும். மற்ற வழி, சல்பேட்டை ஒடுக்கும் டெசல்ஃபோவிப்ரியோ வகைப் பாக்டீரியா. காற்றுப் புகாத சேற்றில் அது விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உலோகத்தைச் சல்ஃபைடாகப் படியவைத்துவிடும். அந்த வாயு உயிரைப் பறிக்கும்; செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மூடிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். சேறு காய்ந்து காற்றுப் பட்டால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து காட்மியம் விடுபடும் என்பதால், நீர் தேங்கியே இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

பாதரசமும் ஆர்செனிக்கும் இருந்தால் கை வைக்கும் முன் நன்றாக யோசியுங்கள். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக்கும். அது மீனிலும் மனிதரிலும் சேரும் நஞ்சு. மண்ணில் நீரைத் தேக்கினால் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் இரும்பு ஆக்சைடைக் கரைத்து, அது பிடித்து வைத்திருந்த ஆர்செனிக்கை அவிழ்த்துவிடும். குரோமியத்துக்கு மருந்தாகும் மொலாசஸ் ஆர்செனிக் மண்ணில் கேடு செய்வது இதனால்தான். குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த நிலம் என்றால் சோதனைத் தொட்டியில் தெரியும் முடிவை மட்டும் நம்புங்கள்.

பாக்டீரியாவை எங்கிருந்து பெறுவது? அந்த மண்ணிலிருந்தே. பல ஆண்டுகளாக உலோகத்தோடு வாழ்ந்தவை ஏற்கெனவே பழகியிருக்கும். உலோகத்தைத் தாங்குவதில் பெயர்பெற்ற கியூப்ரியாவிடஸ் மெட்டலிடுரன்ஸ் என்ற பாக்டீரியாகூட 1976-இல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் படிவுத் தொட்டியில் கிடைத்ததே. மண்ணை நீரில் கலக்கி, உலோகம் சேர்த்த அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) பரப்பி, 28–30 டிகிரி செல்சியஸில் வளருங்கள். வளர்ப்பு ஊடகத்தில் பாஸ்பேட் அதிகமாக இருந்தால் நீங்கள் போட்ட உலோகம் அதோடு சேர்ந்து படிந்துவிடும்; பாக்டீரியா அதைத் தாங்குவதுபோல் பொய்யாகத் தெரியும். பாஸ்பேட் குறைந்த, ட்ரிஸ் கரைசல் (பிஎச்சை நிலையாக வைப்பது) கொண்ட ஊடகமே சரி. வளர்ந்ததை அடையாளம் காணாமல் பெருக்காதீர்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா போன்ற நோய்க்கிருமிகளும் உலோகத்தைத் தாங்கும்.

அடுத்து தொட்டிச் சோதனை. வெறும் மண், தீனி (மொலாசஸ் போன்ற பாக்டீரியா உணவு) மட்டும், தீனியோடு கொன்ற பாக்டீரியா, தீனியோடு உயிருள்ள பாக்டீரியா என நான்கு வகை. ஒவ்வொன்றிலும் மூன்று தொட்டிகள். பல வேளைகளில் தீனி மட்டும் போட்ட தொட்டியே உயிருள்ளதற்கு இணையாக நிற்கும். அப்படியானால் பாக்டீரியாவுக்குப் பணம் செலவழிக்காமல் தீனியை வாங்குங்கள். வெளியிலிருந்து விட்டவை பழைய குடிகளோடு போட்டியிட முடியாமல் மடிவது வழக்கம். விடத்தான் வேண்டும் என்றால் ஒரு கிராம் மண்ணுக்கு ஒரு கோடி பாக்டீரியா அளவில், கம்போஸ்டிலோ உயிர்க்கரியிலோ கலந்து இடுங்கள். காற்று தேவைப்படும் வகைக்கு மண் பிடிக்கக்கூடிய நீரில் 60 விழுக்காடு ஈரம் போதும்.

தீனியை நிறுத்தும் நேரமும் முக்கியம். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ரைஃபிளில், 2002-இல் யுரேனியம் கலந்த நிலத்தடி நீருக்குள் அசிட்டேட்டைத் தீனியாகச் செலுத்தினார்கள். ஜியோபாக்டர் பெருகி, நீரில் யுரேனியம் நன்றாகக் குறைந்தது. பிறகு சல்பேட்டை ஒடுக்குபவை மேலோங்கியதும் அளவு மீண்டும் ஏறியது. ஆகவே தொட்டியிலும் நிலத்திலும் கரையும் பங்கை அடிக்கடி அளந்துகொண்டே இருங்கள். முடிந்துவிட்டது என்று தோன்றிய மண்ணை ஒருமுறை நன்றாகக் காயவிட்டு, மறுபடி நனைத்து அளந்து பாருங்கள்.

எடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு வேலை நீளும். கடுகு, சூரியகாந்தி போன்ற செடிகளின் வேரில், இரும்பைப் பிடிக்கும் சிடரோஃபோரும் கரிம அமிலமும் சுரக்கும் பேசில்லஸ், சூடோமோனாஸ் வகைகளை ஏற்றினால் செடி கூடுதலாக உறிஞ்சும். ஆனாலும் பல பருவங்கள் பிடிக்கும். இளகிய உலோகம் செடிக்குப் போகாமல் கீழே இறங்கக்கூடும் என்பதால் பாசனத்தை அளவாக வைத்து, அடி மண்ணையும் சோதியுங்கள். அறுத்த செடியைக் கால்நடைக்கோ எருக்குழிக்கோ விறகடுப்புக்கோ தராமல், அபாயக் கழிவைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.