பைக் டிஸ்க் பிரேக்: கிறீச்சொலியை நிறுத்திப் பேட் மாற்றுவது எப்படி?

பிரேக் கிறீச்சிட்டால் பேட் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உரசும்போது பேட் டிஸ்க்கைப் பற்றுவதும் நழுவுவதுமாக நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. வில் பட்ட வயலின் தந்தி ஒலிப்பதும் இப்படித்தான். 1902இல் ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக்கிலேயே செம்புப் பேடுகளின் கூச்சல் பெரிய தொல்லையாக இருந்தது.

முன்சக்கரத்தில் மிதக்கும் காலிப்பர், அதாவது பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும், பக்கவாட்டில் நகரக்கூடிய கவ்வி உள்ள பைக்கை எடுத்துக்கொள்வோம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே பேடைத் தாங்கும் பின்னை அல்லன் சாவியால் சற்றுத் தளர்த்திவிடுங்கள்; கழற்றியபின் அதைத் திருகுவது பெரும்பாடு. பிறகு இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் காலிப்பர் கையோடு வரும். ஆயில் குழாயைத் தொட வேண்டியதே இல்லை. பேடை மட்டும் தனியே மாற்றும்படி அமைத்த இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்து, பின்னை உருவிப் பேடுகளை எடுங்கள். இந்த நிலையில் லீவரை அழுத்தவே கூடாது. பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

தூசியை வாயால் ஊதாதீர்கள். பிரேக் கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான வழுக்குப் பின்களைப் பாருங்கள். போன மழைக்காலம் முடிந்து என் வண்டியில் அவற்றை உருவியபோது கிரீஸ் துளியும் இல்லை. செங்கல் தூளைப் போலத் துரு கையில் ஒட்டியது. ரப்பர் உறையின் ஓரம் கிழிந்திருந்தது. உட்பக்கப் பேட் ஏறக்குறைய தீர்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் புதிதுபோல் இருந்தது. வழுக்குப் பின் இறுகினால் காலிப்பர் நகராது, பேட் சாய்ந்து உரசும், சத்தம் எழும். பின்களைச் சுத்தம் செய்து பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

பிஸ்டனைத் துடைத்துவிட்டுக் கையால் உள்ளே தள்ளுங்கள். மேலே ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் உயரும். வழிந்தால் பெயின்ட் போய்விடும், துணி சுற்றிவையுங்கள்.

பழைய பேடின் முதுகில் மெல்லிய தகடு இருந்தால், அதை எறிந்துவிடாமல் புதிய பேடுக்கு மாற்றுங்கள். அதிர்வை உறிஞ்சுவது அதுதான். பேட் மாற்றிய மறுநாளே சத்தம் கேட்கும் வண்டிகளில் இதைத்தான் முதலில் தேடுவேன். புதிய பேடின் முன்விளிம்பு கூர்மையாக இருந்தால் அரத்தால் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளலாம். உரசும் பரப்பில் மட்டும் கிரீஸோ விரலோ படக்கூடாது.

எல்லாவற்றையும் பூட்டி, கையேட்டில் உள்ள அளவுக்கு போல்ட்டுகளை முறுக்குங்கள். லீவர் கெட்டிப்படும்வரை அழுத்தியழுத்தி விட்ட பிறகே வண்டியை நகர்த்துங்கள். ஆளில்லாச் சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை மெல்லப் பிரேக் பிடித்துப் பேடைப் படியவிடுங்கள்.

இதன் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் டிஸ்க்கின் தடிமனை அளந்துபாருங்கள். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.