பவர் ட்ரிம் தூக்கவில்லையா, த்ராட்டில் இறுகுகிறதா? பாகம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஃபைபர் படகுகளின் பின்புறம் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினைக் கையாலேயே தூக்கிவிடலாம். 40, 60 என்று போனால் கைக்கு அடங்காது. அதற்குத்தான் பவர் ட்ரிம். பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன மோட்டார் எண்ணெயைத் தள்ளும், ஹைட்ராலிக் சிலிண்டர் எஞ்சினைத் தூக்கும். அது வேலை செய்யாமல் போனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அந்த மோட்டாரைத்தான். விலை அதிகமான பாகமும் அதுவே. அதனால் அதைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் தூக்கிய நிலையில் இருந்தால், தாங்கு லீவரைப் போட்டுவிட்டு ஒரு கட்டையையும் முட்டுக் கொடுங்கள். அது சட்டென்று இறங்கினால் கை நசுங்கிவிடும்.

முதலில் காது கொடுங்கள்

பட்டனை அழுத்தும்போது சத்தமே இல்லையா, 'டிக்' என்று மட்டும் கேட்கிறதா, மோட்டார் சுற்றியும் எஞ்சின் அசையவில்லையா? இந்த மூன்றுக்கும் வழி வேறு வேறு.

சத்தமே இல்லை என்றால் பேட்டரியில் தொடங்குங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். உப்புக்காற்றில் டெர்மினல் பூத்துப் போயிருக்கும், சுரண்டி இறுக்குங்கள். ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் இன்னொரு ட்ரிம் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் தூக்குகிறது, ஓட்டும் லீவரின் கைப்பிடியில் இருப்பதை அழுத்தினால் தூக்கவில்லை என்றால், கோளாறு கைப்பிடி ஸ்விட்சிலோ அதன் வயரிலோதான். லீவரை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வயர் மடங்குவதால், மடங்கும் இடத்திலேயே அறுந்துபோகும்.

'டிக்' சத்தம் ரிலேயுடையது; பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச் அது. தூக்க ஒன்று, இறக்க ஒன்று என்று இரண்டு ரிலே இருக்கும். இறங்குகிறது, ஏறவில்லை என்றால், இரண்டும் தனித்தனியாகவும் ஒரே மாதிரியாகவும் உள்ள எஞ்சினில் அவற்றை இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது ஏறுகிறது, இறங்கவில்லை என்றால் ரிலே போய்விட்டது. மாற்றியும் கோளாறு அப்படியே இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். மோட்டாருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களுக்கு நடுவே, இணைப்பைக் கழற்றாமல், பட்டனை அழுத்தியபடி அளக்க வேண்டும். (யமஹாவில் வெளிர்நீலம் ஏற்றத்துக்கு, வெளிர்பச்சை இறக்கத்துக்கு.) 12 வோல்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால், சரி, இப்போது மோட்டாரைக் குறை சொல்லலாம். அழுத்தியதும் 8, 9 என்று விழுந்தால் பேட்டரியையும் இணைப்புகளையும் மறுபடி பாருங்கள்.

மோட்டார் சுற்றியும் எஞ்சின் ஏறவில்லையா? எஞ்சினைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் திருப்புளி போடும் ஒரு திருகு இருக்கும். கையால் தூக்குவதற்காக அதைத் தளர்த்துவார்கள், திரும்ப இறுக்க மறந்துவிடுவார்கள். அதை வலப்பக்கம் சுற்றி மூடுங்கள். அடுத்தது எண்ணெய். எஞ்சினை முழுக்கத் தூக்கி முட்டுக் கொடுத்த பிறகே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கலாம். இறங்கிய நிலையில் திறந்தால் எண்ணெய் முகத்தில் பீய்ச்சும். கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நிரப்பியதும் நான்கைந்து முறை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். அதற்குப் பிறகும் தூக்கி நிறுத்திய எஞ்சின் தானாக இறங்கினால் சீலோ வால்வோ கசிகிறது. அது பட்டறை வேலை.

த்ராட்டில் பக்கம்

த்ராட்டில் என்றால் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. அதைக் கேபிளால் இயக்கும் எஞ்சினுக்கு மட்டும்தான் இது பொருந்தும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் பக்கம் த்ராட்டில் கேபிளைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் லீவரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றி, விட்டதும் திரும்பினால் எஞ்சின்மேல் குற்றமில்லை; கேபிளோ, ஓட்டும் லீவர் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸோதான் இறுகியிருக்கிறது. பாக்ஸ் பக்கமும் கழற்றி, கேபிளை மட்டும் தள்ளி இழுத்தால் எது என்று தெரிந்துவிடும். உள்ளே துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விடுவது வீண், இரண்டு நாளில் மறுபடி இறுகும். புதிதாகப் போடுங்கள், கூர்மையாக வளைக்காதீர்கள்.

லீவர் தானாகப் பின்னுக்கு நழுவினால் பாக்ஸில் உள்ள உராய்வுத் திருகை இறுக்கினால் போதும்.

முழு த்ராட்டில் கொடுத்தும் வேகம் வரவில்லை என்றால், எஞ்சின் நின்ற நிலையிலேயே ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்ற, இன்னொருவர் கியர் போட்டு லீவரைக் கடைசிவரை தள்ளட்டும். எஞ்சினில் த்ராட்டில் லீவர் முட்டும் இடத்தைத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் கேபிள் முனையில் உள்ள இணைப்பைத் திருகிச் சரிசெய்யலாம். முனை போதுமான அளவு மரைக்குள் இருக்க வேண்டும். யமஹா கேட்பது குறைந்தது 8 மி.மீ. சரிசெய்ததும் நியூட்ரலில் த்ராட்டில் முழுக்க மூடுகிறதா என்றும் பாருங்கள். சிலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு கியர் 'டங்'கென்று விழுகிறது என்பார்கள்.

எஞ்சின் இரைகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் த்ராட்டிலைத் தொடாதீர்கள். ட்ரிம்மை அதிகமாக ஏற்றியதால் ப்ரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, படகைத் தண்ணீரில் கட்டிவைத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள், ட்ரிம்மைச் சிறிது ஏற்றி இறக்குங்கள். எஞ்சின் சுற்றும் வேகம் கூடிக் குறைந்தால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. நடுக்கடலில் திருப்பும்போது எஞ்சின் தானாகச் சீறுவது இதனால்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு, கேபிளின் கட்டுகளை அவிழ்த்து, எஞ்சின் பக்கம் தாராளமாக ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். கேபிளே நீளம் பற்றவில்லை என்றால் அடுத்த அளவு வாங்குங்கள்.