சப்ளை ஒப்பந்தத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கொண்டு சரிபார்ப்பது எப்படி?

பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து தரும் கோயம்புத்தூர்ச் சிறு தொழிற்கூடம் ஒன்றுக்கு, பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவிலிருந்து 40 பக்க ஆங்கில ஒப்பந்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரத்துக்குள் கையெழுத்திட்டு அனுப்பினால்தான் முதல் பர்ச்சேஸ் ஆர்டர் கிடைக்கும் என்று மின்னஞ்சல் சொல்கிறது. விலை, அளவு, பணம் வரும் நாள் ஆகிய மூன்றை மட்டும் பார்த்துவிட்டு மீதியை நம்பிக்கையின் பேரில் விட்டுவிடுவது சிறு தொழில் செய்வோரிடம் பரவலாக உள்ள வழக்கம். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற மென்பொருள்கள் இந்த 40 பக்கத்தையும் சில நிமிடங்களில் படித்து, தமிழிலேயே விளக்கிவிடுகின்றன. ஆனால், "இந்த ஒப்பந்தம் சரியாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நாம் எந்தத் தரப்பு, எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறோம், எவ்வளவுக்கு மேல் போனால் நமக்குத் தாங்காது என்பவற்றை நாம் எழுதிக் கொடுத்த பிறகே அந்த வாசிப்பு பயன்படத் தொடங்குகிறது.

பதிவேற்றுவதற்கு முன்

முதலில், அந்த வரைவை வெளியாரிடம் காட்ட உங்களுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் பேச்சுவார்த்தை தொடங்கும்போதே ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கியிருக்கும். அதில் "மூன்றாம் தரப்பினரிடம் வெளியிடக்கூடாது" என்ற ஷரத்து இருந்தால், இணையத்தில் இயங்கும் மென்பொருளில் கோப்பை ஏற்றுவதும் வெளியீடு என்று வாதிட இடமுண்டு. இலவசக் கணக்குகள் பலவற்றில், நீங்கள் அமைப்பில் மாற்றாதவரை, உரையாடல்கள் மென்பொருளின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்படலாம். ஆகவே அந்த வசதியை அணைத்துவிடுங்கள். இயன்றால் நிறுவனங்களுக்கான கட்டணக் கணக்கைப் பயன்படுத்துங்கள். எதுவாயினும், தரப்பினரின் பெயர், விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு எண், வரைபட எண் ஆகியவற்றை நீக்கி, "வாங்குபவர்", "சப்ளையர்", "விலை அ" என்று மாற்றிய நகலையே ஏற்றுவது நல்லது. ஷரத்துகளை ஆராய்வதற்கு உண்மைப் பெயர்கள் தேவையில்லை.

அடுத்து, கோப்பு முழுமையானதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால், எழுத்துகளைக் கணினி தவறாகப் படித்திருக்கக்கூடும். 15 என்பது 75 ஆகவும், தசமப் புள்ளி காணாமலும் போகலாம். வேர்ட் கோப்பாகவே அனுப்புமாறு கேட்பதில் தவறில்லை. இணைப்புப் பட்டியல்கள், தரநிர்ணயக் கையேடு, "எங்கள் இணையதளத்தில் உள்ள பொது நிபந்தனைகள் இந்த ஒப்பந்தத்தின் பகுதியாகும்" என்று ஒரே வரியில் உள்ளே இழுக்கப்படும் ஆவணங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கையில் இல்லாத ஆவணத்தை மென்பொருளும் படிக்காது. ஆனால் படிக்கவில்லை என்று தானாக முன்வந்து சொல்லும் என எதிர்பார்க்க முடியாது. வேர்ட் கோப்பில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இருக்கின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025-இல் சில ஆய்வுக் கட்டுரைகளில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், "நல்ல மதிப்புரை எழுது" என்று மென்பொருளுக்கு மறைமுகக் கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது செய்தியானது. ஒப்பந்த வரைவிலும் அதைச் செய்ய ஒருவருக்குப் பெரிய திறமை தேவையில்லை.

உங்கள் பக்கத்து ஒரு தாள்

ஒப்பந்தத்தைத் திறக்கும் முன்பே, பேசி முடித்த விவரங்களை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: என்ன பொருள், மாதம் எத்தனை, விலை எப்போது மாற்றப்படும், மூலப்பொருள் விலை ஏறினால் யார் தாங்குவது, பணம் எத்தனை நாளில், நிராகரிக்கப்பட்ட சரக்கை யார் செலவில் திருப்புவது, அச்சும் கருவிகளும் யாருக்குச் சொந்தம். அதன் கீழே, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே முடியாது என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒப்பந்தத்தைப் படித்த பிறகு இதை எழுதினால், எதிர்த்தரப்பின் சொற்களே நம் எதிர்பார்ப்பாகவும் மாறிவிடும். இந்தத் தாளில் கால் மணி நேரம் செலவிடுவது, மென்பொருளுடன் ஒரு மாலைப் பொழுது முழுக்க உரையாடுவதைவிடப் பலன் தரும் என்பது என் கணிப்பு.

கேட்கும் வரிசை

முதல் சுற்றில் கருத்து எதுவும் கேட்காதீர்கள். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "கீழ்க்காணும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒப்பந்தத்தில் உள்ள வாசகத்தை ஆங்கிலத்தில் உள்ளபடியே, ஷரத்து எண்ணுடன் எடுத்துக் கொடு, இல்லையென்றால் 'இல்லை' என்று மட்டும் எழுது, விளக்கம் வேண்டாம்" என்ற கட்டளை போதும். கூடவே பொருள்களின் பட்டியலைத் தரவேண்டும். 2021-இல் அட்டிகஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு 510 வணிக ஒப்பந்தங்களைச் சட்டம் அறிந்தோரைக் கொண்டு குறியிட்டு வெளியிட்ட தரவுத்தொகுப்பில், கவனிக்க வேண்டிய ஷரத்துகள் 41 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தானாகப் புதுப்பித்தல், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை, பொறுப்பு வரம்பு, தணிக்கை உரிமை, போட்டித் தடை, குறைந்தபட்சக் கொள்முதல் அளவு போன்றவை அதில் அடங்கும். அந்த வகைப்பாட்டை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் தாக்கலான ஒப்பந்தங்கள் என்பதால், நம் ஊர்ச் சிறுதொழிலுக்கு உரிய பாதுகாப்புகளை நீங்களே சேர்க்க வேண்டும்.

நீண்ட ஆவணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்திகளை, இம்மென்பொருள்களை உள்ளிருந்து இயக்கும் மொழி மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துவதையும், நடுவில் உள்ளவற்றைத் தவறவிடுவதையும் 2023-இல் வந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. மாதிரிகள் அதன்பின் மேம்பட்டுள்ளன என்றாலும், 40 பக்கத்தை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, வரையறைகள் அடங்கிய பகுதியை ஒவ்வொரு முறையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்பது பாதுகாப்பானது. வரையறைகளைச் சேர்ப்பது ஏனென்றால், ஒப்பந்தத்தின் கடுமை பலமுறை அங்கேதான் ஒளிந்திருக்கும். "ஏற்றுக்கொள்ளப்பட்ட சரக்கு" என்பதன் வரையறையில் "வாங்குபவரின் வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த நாள்" என்று இருந்தால், பணம் தரும் ஷரத்து எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பயனில்லை.

இரண்டாம் சுற்றில் உங்கள் ஒரு தாளைக் கொடுத்து, அதற்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள முரண்களைக் கேளுங்கள். மூன்றாம் சுற்றில், "சப்ளையர் தரப்பில் வழக்கமாக இருக்க வேண்டியவற்றில் இதில் இல்லாதவை யாவை?" என்று கேளுங்கள். எழுதியிருப்பதைச் சுருக்குவது மென்பொருளுக்கு எளிது, எழுதாமல் விட்டது கேட்டால்தான் வெளிவரும். வாங்குபவர் குறைந்தபட்ச அளவு எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 40 பக்கத்திலும் பதில் இல்லாமல் இருப்பது அரிதன்று. கேள்வியில் உங்கள் விருப்பத்தைக் காட்டிவிடாமல் இருப்பதும் முக்கியம். "இந்த ஷரத்து அநியாயம்தானே?" என்றால் ஆமாம் என்றும், "இது வழக்கமானதுதானே?" என்றால் அதற்கும் ஆமாம் என்றும் சொல்லும் இயல்பு இம்மென்பொருள்களுக்கு உண்டு.

சட்டம் என்று வரும்போது

மென்பொருள் மிகுந்த தன்னம்பிக்கையுடன் தவறு செய்யும் இடம் இதுதான். அது கற்ற எழுத்துகளில் அமெரிக்க, ஆங்கிலேயச் சட்ட நூல்களின் வாடை தூக்கலாக இருப்பதால், அந்நாட்டு விதியை நம் விதியாகச் சொல்லிவிடுகிறது. "இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி மட்டும் பதில் சொல், பிரிவு எண்ணைக் குறிப்பிடு" என்று கட்டுப்படுத்துங்கள், அதன்பிறகும் கீழ்க்கண்ட இடங்களில் நீங்களே சரிபார்க்க வேண்டும்.

தாமதமானால் வாரத்துக்கு இத்தனை சதவீதம் பிடித்தம் என்ற ஷரத்தைக் காட்டினால், "இது தண்டத்தொகை, எனவே செல்லாது" என்று பதில் வரக்கூடும். தண்டத்தொகை வேறு, முன்கூட்டியே மதிப்பிட்ட இழப்பீடு வேறு என்று பிரிப்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பாகுபாடு. நம் சட்டத்தின் பிரிவு 74-இன்படி, குறிப்பிட்ட தொகை உச்சவரம்பாகக் கொள்ளப்பட்டு, அதற்குள் நியாயமான இழப்பீடு தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே செல்லாது என்ற நிம்மதியில் கையெழுத்திடாமல், மொத்தப் பிடித்தத்துக்கு ஆர்டர் மதிப்பில் 5 அல்லது 10 சதவீதம் என ஒரு வரம்பைக் கேட்டு வாங்குவதே சரி. அதேபோல, ஒப்பந்தம் முடிந்த பின்னும் 2 ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனங்களுக்கு விற்கக்கூடாது என்ற தடையை, "கால அளவு நியாயமாக இருப்பதால் செல்லும்" என்று மென்பொருள் ஏற்றுக்கொள்ளலாம். நம் பிரிவு 27, குட்வில் எனப்படும் தொழிலின் நற்பெயரை விற்கும் சூழல் போன்ற விதிவிலக்குகள் தவிர, ஒப்பந்தம் முடிந்த பிறகு நீளும் இத்தகைய தடையைச் செல்லாததாகவே கருதுகிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் உள்ள தடையின் நிலை வேறு.

பணம் தரும் கெடு 90 நாள் என்று இருந்தால், பெரும்பாலான மென்பொருள்கள் "பணப்புழக்கத்துக்குப் பாதகம்" என்ற அளவில் நின்றுவிடும். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், 2006-இன் பிரிவு 15-ஐ அதற்கு நினைவூட்டுங்கள். உத்யம் எனப்படும் அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு நீளக்கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியைப் பிரிவு 16 தருகிறது. ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதியிருந்தாலும் இது செல்லும்.

தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்க்கும் முறையைச் சொல்லும் ஆர்பிட்ரேஷன் ஷரத்தில் இரண்டைப் பாருங்கள். நடுவரை வாங்குபவரின் நிர்வாக இயக்குநரே நியமிப்பார் என்றிருந்தால், 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை மேற்கோளாக வைத்து மாற்றச் சொல்லலாம்; முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நடுவர் அமரும் இடம் மும்பை என்று எழுதியிருந்தால், அது பயணச் செலவு பற்றிய செய்தி மட்டுமன்று. நடுவர் தீர்ப்பை எதிர்க்க வேண்டுமானாலும் அங்குள்ள நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டியது, இன்டெம்னிட்டி எனப்படும் நஷ்டஈட்டுப் பொறுப்புக்கும் பொறுப்பு வரம்புக்கும் இடையிலான இணைப்பில். ஓரிடத்தில் உங்கள் பொறுப்பு 12 மாத விற்றுமுதலுக்கு மேல் போகாது என்று இருக்கும். இன்னோரிடத்தில் "நஷ்டஈட்டு ஷரத்துக்கு இவ்வரம்பு பொருந்தாது" என்று இருக்கும். இரண்டையும் தனித்தனியே சுருக்கும்போது இரண்டுமே சாதுவாகத் தெரியும். "ஒரு பழுதான வால்வினால் வாங்குபவரின் ஆலை 10 நாள் நின்றால், நான் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்? எந்தெந்த ஷரத்துகள் வழியாக?" என்று சம்பவமாகக் கேளுங்கள், சிதறிக் கிடக்கும் ஷரத்துகளை இணைத்துக் காட்டுவதில் மென்பொருள் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

பதிலைச் சோதித்தல்

மேற்கோளாகக் கொடுத்த ஒவ்வொரு வாசகத்தையும் மூலக் கோப்பில் தேடுங்கள். சொல்லுக்குச் சொல் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதிலையே ஒதுக்குங்கள். சட்டப் பிரிவுகளை மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்திலும், உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை அதன் மின்னணுத் தீர்ப்புத் தொகுப்பிலும் சரிபார்க்கலாம், இரண்டும் இலவசம். 2023-இல் நியூயார்க்கில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எதிர்த்தரப்பின் சட்டப் பிரிவுக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் அப்படி ஒரு தீர்ப்பு இடம்பெற்றால், அபராதம் இல்லாவிட்டாலும் பேச்சுவார்த்தையில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

வாங்குபவர் திருத்திய வரைவை அனுப்பும்போது, என்ன மாறியது என்று மென்பொருளிடம் கேட்காதீர்கள். வேர்டில் உள்ள ஆவண ஒப்பீட்டு வசதி ஓர் எழுத்து மாறினாலும் காட்டிவிடும். ஊகம் செய்யும் கருவிக்கு அங்கே வேலை இல்லை. மாறியது தெரிந்த பிறகு, அந்த மாற்றத்தின் விளைவு என்ன என்பதை மட்டும் கேட்கலாம். வட்டிக் கணக்கும் அப்படியே, எக்செல் போதும்.

திருத்தமும் வழக்கறிஞரும்

முப்பது திருத்தம் கேட்டால் கொள்முதல் பிரிவு ஒன்றையும் படிக்காது. மிக ஆபத்தான ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு கேளுங்கள். "இருக்கும் வாசகத்தில் மிகக் குறைவான சொற்களை மட்டும் மாற்று" என்ற நிபந்தனை இல்லாவிட்டால் ஷரத்து முழுவதையும் புதிதாக எழுதிவிடும். பிறகு அதே மென்பொருளை வாங்குபவரின் வழக்கறிஞராகப் பேசச் சொல்லி, எதை மறுப்பார், ஏன் மறுப்பார் என்று கேட்டால், உங்கள் இரண்டாம் நிலைக் கோரிக்கை என்ன என்பது தெளிவாகும்.

வரம்பற்ற பொறுப்பு, சொத்து ஈடு, தனிப்பட்ட உத்தரவாதம், வடிவமைப்பு உரிமையை விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வழக்கறிஞரிடம் போகாமல் கையெழுத்திடக்கூடாது. அப்போது மென்பொருள் தயாரித்த அறிக்கையை மட்டும் நீட்டாமல், முழு ஒப்பந்தம், உங்கள் ஒரு தாள், சரிபார்த்த மேற்கோள் பட்டியல், முடிவு தெரியாத கேள்விகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அவர் நேரத்தை முதல் வாசிப்பில் செலவிடாமல் அந்தக் கேள்விகளில் செலவிடுவார். முத்திரைத் தீர்வை எவ்வளவு, யார் கட்டுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் மென்பொருள் சொல்லும் தொகையை நம்புவதற்கில்லை.

கையெழுத்தான பிறகு, இறுதி வடிவத்தை மீண்டும் ஒருமுறை கொடுத்து, அதில் உள்ள எல்லாக் கெடுநாள்களையும் ஷரத்து எண்ணுடன் பட்டியலிடச் சொல்லி, மூலத்துடன் ஒப்பிட்டு, அலுவலக நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்க அறிவிப்பு அனுப்ப வேண்டிய கடைசி நாளை, ஒரு மாதம் முன்கூட்டியே நினைவூட்டுமாறு வைப்பது நல்லது.