கிரவுன்-பினியனும் டயரும் மாற்றிய ஜீப்பில் ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வது

அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனில், 3.07 விகிதத்தைக் கழற்றிவிட்டு 4.10 போட்டாயிற்று. 225/75 ஆர்15 டயர் இருந்த இடத்தில் 31 அங்குல டயரும் ஏறிவிட்டது. இப்போது வண்டி நிஜமாக 60-இல் போனால் முள் 73-இல் நிற்கும். மீட்டர் கெட்டுப்போகவில்லை, கழற்ற வேண்டியது டாஷ்போர்டை அல்ல. பின்னால், டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வாலில், கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் கியர் இருக்கிறது; அதுதான் ஸ்பீடோ கியர். அதன் பல் எண்ணிக்கை பழைய கணக்கிலேயே இருப்பதுதான் காரணம். 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ரேங்க்ளர் டிஜே, என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வண்டியை வைத்து இங்கே விளக்குகிறோம். மீட்டரைக் கேபிள் ஓட்டும் பழைய வண்டிகளுக்கும் கணக்கு இதேதான்.

எதை மாற்றினால் முள் பிசகும், எதை மாற்றினால் பிசகாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோ கியர் சுழற்சியை எடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க அவுட்புட் ஷாஃப்டிலிருந்து. அதற்கு முன்னால் இருக்கும் எதை மாற்றினாலும் (எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ்) ஸ்பீடோமீட்டருக்குச் சம்பந்தமில்லை. லோ ரேஞ்ச் போட்டாலும் முள் சரியாகவே காட்டுவது இதனால்தான். ஷாஃப்டுக்குப் பின்னால் இருப்பவை இரண்டே: கிரவுன்-பினியன் விகிதம், டயரின் சுற்றளவு. விகிதம் ஏறினால் முள் கூடுதலாகக் காட்டும்; டயர் பெரிதானால் குறைத்துக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் முழுதாக அல்ல.

விகிதத்தை விற்றவர் சொன்னதை நம்பி எழுதிக்கொள்ளாதீர்கள். கிரவுன்-பினியன் இருக்கும் டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் விகிதம் பொறித்த ஒரு தகடு தொங்கும். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அப்போது எண்ணித்தான் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். பின்னச்சுக்குப் போகும் பிராபெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் இந்த இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரே ஒரு சுற்றுதான் போகும். அந்த நேரத்தில் ஷாஃப்ட் 3 சுற்றுக்குச் சற்று மேல் போனால் 3.07, நான்கைத் தாண்டி ஒரு சிறு துளி நகர்ந்தால் 4.10; நாலரைக்குக் கொஞ்சம் மேல் போனால் 4.56. லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் கருவி) போட்ட ஆக்சிலில் இந்த வழி செல்லாது. இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஒரு சுற்று மட்டும் சுற்ற வேண்டும்.

டயர் கணக்கில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது: ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றை டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண்ணை வைத்துப் போடுவது. வண்டியின் எடை விழும்போது டயர் நசுங்குவதால், உருளும் சுற்றளவு எப்போதும் காகிதக் கணக்கைவிடச் சில சதவீதம் குறையும். பழைய டயர் கையில் இருந்தால் இரண்டையும் மாட்டி, சரியான காற்றழுத்தத்தில், ஓட்டுநர் உள்ளே அமர்ந்திருக்க, சாக்பீஸ் குறி வைத்துப் பத்துச் சுற்று உருட்டி அளந்து பத்தால் வகுங்கள். பழைய டயர் போய்விட்டதென்றால் இரண்டுக்குமே காகிதக் கணக்கைப் போடுங்கள். 225/75 ஆர்15 என்றால் 225 மில்லிமீட்டரில் 75 சதவீதம், அதை இரண்டால் பெருக்கி, 15 அங்குல ரிம்முக்கான 381-ஐக் கூட்டினால் 718.5 மில்லிமீட்டர், அதாவது 28.3 அங்குலம். புதிய டயர் 31 அங்குலம்.

இனிக் கணக்கு ஒரே வரி. பழைய ஸ்பீடோ கியரின் பற்களைப் புதிய விகிதத்தால் பெருக்கிப் பழைய விகிதத்தால் வகுங்கள். அதைப் பழைய டயர் விட்டத்தால் பெருக்கிப் புதிய விட்டத்தால் வகுங்கள். கழற்றிய கியரில் 29 பல் என்று வைத்துக்கொள்வோம்: 29 × 4.10 ÷ 3.07 × 28.3 ÷ 31 = 35.4. அரைப் பல் கியர் கிடையாது. 35 போட்டால் மீட்டர் 1 சதவீதம் கூட்டிக் காட்டும். 36 போட்டால் ஏறக்குறைய 2 சதவீதம் குறைத்துக் காட்டும். 35-ஐ எடுங்கள். ஐரோப்பிய விதிகளின்படி மீட்டர் நிஜ வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். வேகக் கேமராவுக்கு முன்னால் அந்த விதியின் நியாயம் புரியும். இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடுதான் செல்லும்: மாற்றுவதற்கு முன் மீட்டர் சரியாகக் காட்டியிருக்க வேண்டும். இடையில் யாரோ ஒருவர் டயரை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கியரைத் தொடாமல் விட்டிருந்தால், தொழிற்சாலையில் வந்த டயர் அளவை எடுத்துக் கணக்கிடுங்கள்.

கியர் வாங்கும்போது பல்லை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். தண்டு நீளமானதும் குட்டையானதும் என இரண்டு வகை உண்டு. பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வாங்குங்கள். கூடவே ஓ-ரிங்கும் புதிதாக வாங்குங்கள். அதன் விலைக்காக மறுபடியும் வண்டிக்கடியில் படுக்க வேண்டாம்.

வேலை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சைலன்சர் குழாய் ஆறட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில், இடது பக்கம், மூன்று ஒயர் போகும் கனெக்டரோடு வேகச் சென்சார் தெரியும். சுற்றிலும் உள்ள சேற்றைப் பிரஷ்ஷால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டில் கை வையுங்கள். உள்ளே விழும் மணல் கியரைத் தின்றுவிடும். கனெக்டரை எடுத்துவிட்டு, சென்சாரும் கியரும் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங் (கூடு) இப்போது எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பெயின்ட்டால் குறித்து, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிப்புத் தகட்டின் ஒற்றைப் போல்ட்டைக் கழற்றி, ஹவுசிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே நேராக வெளியே இழுங்கள். கொஞ்சம் ஆயில் சொட்டும். கீழே ஒரு தட்டு வையுங்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். ஹவுசிங்கில் கியர் நடுவில் உட்காரவில்லை, ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. பல் கூடினால் கியரின் விட்டமும் கூடும். அதனால் ஷாஃப்டிலிருந்து அதைச் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். ஹவுசிங்கைத் திருப்பித்தான் அந்த இடைவெளியை மாற்றுகிறோம். அதன் முகத்தில் 26–31, 32–38, 39–45 என்று பல் எண்ணிக்கைகள் அச்சாகியிருக்கும். உங்கள் கியர் எந்தக் கூட்டத்தில் வருகிறதோ அந்த எண் கடிகாரத்தின் 6 மணித் திசையில், நேர் கீழே வரும்படி திருப்பிச் செருக வேண்டும். 29-ஐ எடுத்துவிட்டு 35 போடுகிறோம், கூட்டம் மாறிவிட்டது. எடுத்தபடியே திருப்பிப் போட்டால் பெரிய கியர் ஷாஃப்ட் கியரோடு நெருக்கி அரைபட்டு, விரைவிலேயே பல் உதிர்ந்துவிடும். பெரிய கியரிலிருந்து சின்னதுக்கு வரும்போது நேர்மாறு: பல் நுனிகள் மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கும், முள் துள்ளும். முன்பு எடுத்த படம் திருப்பிப் போடுவதற்காக அல்ல, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பார்ப்பதற்காக.

ஓ-ரிங்கில் ஆயில் தடவி, கையாலேயே அழுத்திச் செருகுங்கள். சுத்தியல் வேண்டாம், முழுதாக உள்ளே போகவில்லையென்றால் பல் பல்லின் மேல் ஏறி நிற்கிறது, சற்றே திருப்பினால் விழும். ஹவுசிங் அசையாமல் பிடித்துக்கொண்டு போல்ட்டை 10 முதல் 12 நியூட்டன்-மீட்டருக்கு முறுக்குங்கள். அது மிகக் குறைவு. அலுமினியத்தில் மரை போனால் வேலை பெரிதாகிவிடும். ஆயில் அளவைப் பார்த்து, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றிவிடுங்கள்.

சோதிக்கும்போது முள்ளை மட்டும் நம்பாதீர்கள், முள்ளுக்கென்று தனிப் பிழை இருக்கலாம். மைல்கல் உள்ள நெடுஞ்சாலையில் 10 மைல் ஓட்டி ஓடோமீட்டரைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 10.1 காட்ட வேண்டும். பிறகு சமதளமான நேர்சாலையில் சீரான வேகத்தில் போய், பக்கத்தில் இருப்பவரை ஜிபிஎஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

முள் எழவே இல்லையா? கனெக்டர் கிளிக் ஆகவில்லை, அல்லது கியர் உள்ளே சேரவில்லை. எஞ்சின் விளக்கு எரிந்து பி0500 என்ற கோடு வந்தாலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பின்பக்க அவுட்புட் ஷாஃப்டை மாற்றும் கிட் போட்ட வண்டியாக இருந்தால், ஸ்பீடோ கியரை ஓட்டும் ஷாஃப்ட் கியரைப் புது ஷாஃப்டில் ஏற்ற மறந்துவிட்டார்களா என்று சந்தேகப்படுங்கள். முள் நடுங்கினால் ஹவுசிங் திசையும் ஓட்டும் கியரின் தேய்மானமும்தான் முதலில். கேபிள் வண்டியில் நடுக்கம் என்றால் கேபிள் எங்கோ கூர்மையாக வளைந்திருக்கும், இல்லையேல் காய்ந்திருக்கும்.

கணக்கில் வரும் பல் 26-க்குக் கீழோ 45-க்கு மேலோ போனால் கியரால் தீராது. சென்சாருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவே சிக்னலை நாம் வைக்கும் எண்ணால் பெருக்கிக் கூட்டியோ குறைத்தோ தரும் சின்ன மின்னணுப் பெட்டியைப் போட வேண்டும். நம் வண்டியில் கியரை மாற்றாமல் பெட்டியை மட்டும் போட்டிருந்தால், அதில் வைக்க வேண்டிய எண் 0.82. சென்சார் ஒரு சுற்றுக்கு 8 துடிப்பு, மைலுக்கு 8000 துடிப்பு என்று கம்ப்யூட்டர் எதிர்பார்க்கிறது. கேபிள் வண்டியில் இதற்கு ஈடு டயலில் சிறிதாக அச்சிட்ட எண்: ஜப்பானிய மீட்டர்களில் 637 என்றால் கிலோமீட்டருக்கு 637 சுற்று, ஜெர்மன் விடிஓ மீட்டர்களில் டபிள்யூ என்ற எழுத்தோடு இருப்பது மீட்டர் தூரத்துக்கு எத்தனை சுற்று என்பது. வேறு வண்டியின் மீட்டரை எடுத்துப் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகத்தை எடுக்கும் புதிய வண்டிகளில் கிரவுன்-பினியன் மாற்றினால் முள் பிசகாது, டயர் மாற்றினால் பிசகும். இரண்டையும் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இல்லையேல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் குழம்பும். பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான்: அதன் கேபிள் இடது முன்சக்கரத்தின் அச்சிலிருந்தே கிளம்புகிறது, கியர்பாக்ஸில் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது.