மவுத் ஆர்கன் ரீடுகளின் இடைவெளியைச் சீர்செய்யும் முறை

பத்துத் துளை மவுத் ஆர்கனில் இரண்டாம் துளையில் மூச்சை உள்ளிழுக்கும்போது ஒலி அடைத்துக்கொண்டால், புதிதாகக் கற்பவர் கருவியைத்தான் குறை சொல்வார். நானும் அப்படிச் சொல்லியே ஒரு நல்ல ரீடை, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோக நாக்கை, சுரண்டிக் கெடுத்தேன். தாடையைத் தளர்த்தி மெதுவாக இழுத்துப் பார்த்தும் ஒலி எழவில்லை என்றால் மட்டுமே கருவியைத் திறக்க வேண்டும்.

திறந்து பழகுவதற்கு ஹோனர் நிறுவனத்தின் ஸ்பெஷல் 20 போலத் திருகாணியால் பூட்டப்பட்ட மாடல் ஏற்றது. அதே நிறுவனத்தின் மரைன் பேண்ட் 1896 ஆணியடித்துப் பூட்டப்பட்டது என்பதால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். மேல்மூடிகளைக் கழற்றினால் இரண்டு பித்தளைத் தகடுகள் தெரியும். கீழ்த்தகட்டில் இழுக்கும் ரீடுகள் பத்தும் வெளிப்பக்கமாகவே இருக்கும். மேல்தகட்டில் ஊதும் ரீடுகள் பத்தும் காற்றறைக்குள் மறைந்திருக்கும்.

தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். ரீடின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய அந்த நுனியின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். தாழ்ந்த சுரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இடைவெளி குறைந்தால் வேகமாக ஊதும்போது ரீடு அடைத்துக்கொள்ளும். மிகுந்தால் காற்று வீணாகி ஒலி தாமதமாக எழும். இடைவெளியைக் குறைக்க, பல்குத்தும் குச்சியால் ரீடைத் தகட்டில் அதற்கு அடியிலுள்ள துளைக்குள் மெல்ல அழுத்தி விடுங்கள். கூட்டுவதற்கு, மறுபக்கத்திலிருந்து துளை வழியாகத் தள்ளுங்கள். ஊதும் ரீடின் இடைவெளியைக் கூட்ட வெளியிலிருந்தே தள்ளலாம். குறைக்கத்தான் தகட்டைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் வாசித்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம்கூட மூச்சுக்குத் தெரிந்துவிடும். ரீடைத் தகட்டோடு பிணைக்கும் தறையாணிக்கு அருகில் அது மடங்கிவிடக் கூடாது.

சுருதி சேர்ப்பதை இடைவெளி சரியான பிறகே தொடங்க வேண்டும், ஏனெனில் இடைவெளி மாறினால் சுருதியும் சிறிது மாறும். ரீடுக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடொன்றைச் செருகி, நுனியருகே சுரண்டினால் சுருதி ஏறும். தறையாணி அருகே சுரண்டினால் இறங்கும். சுரண்டிய சூட்டில் சுருதி தாழ்ந்து காட்டும் என்பதால் சில நொடிகள் பொறுத்து அளந்து பாருங்கள்.

வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டி எச்சிலை வெளியேற்றினால், அடிக்கடி திறக்க நேராது. தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் சட்டமுள்ள கருவியை வெதுவெதுப்பான நீரில் அலசலாம். மரச்சட்டம் ஊறிப் புடைத்து உதட்டைக் கீறும் என்பதால் அதை நனைக்கக் கூடாது.